பஸ் திரும்புற இடம்

ஏறுங்க அம்மிணி, ஏறுங்க. வலசு சப் சென்டருக்குப் புதுசா வந்திருக்கற நர்சம்மா நீங்கதானுங்களே? அந்த நீலப் பெட்டியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. தடுப்பூசிப் பெட்டிதானுங்க அது? குடுங்க, முன்னால காலுகிட்ட வச்சுக்கறேன். நீங்க பின்னால ஒரு பக்கமாத் திரும்பி உக்காந்து இந்தக் கம்பியப் புடிச்சுக்கங்க. எக்ஸெல் வண்டிதான், பயப்படாதீங்க. தேங்கா மூட்டை ஏத்திப் பழகின வண்டி, ஆளை அலுங்காமக் கொண்டுபோயிரும்.

காசெல்லாம் வேண்டாமுங்க. ச்சே, உள்ள வைங்க. மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியற வலசு பிரிவுல பஸ்ஸு நின்னா அங்க சென்னியப்பன் நிப்பான்னு ஊருக்கே தெரியும். ஆரு எறங்கினாலும் ஏத்திட்டுப் போயி ஊட்டு வாசல்ல உட்டுருவேன். வாத்தியாரம்மா, ரேசன் கடைக்காரரு, சந்தைக்குப் போயிட்டு வர்றவங்க, அத்தனை பேருக்கும் என் வண்டிதான். ஊட்ல சும்மா உக்காந்து நான் என்ன பண்றதுங்க? தோட்டத்த மகன் பாத்துக்கறான். எனக்கு இதுதான் சோலி.

ஆரு, முன்னால நடந்து போறாங்களே, அந்த அம்மாளுங்களா? அவங்க ஏற மாட்டாங்க. உங்ககூடத்தான் எறங்குனாங்க, பாத்தேன். நீங்க எறங்கி எடம் குடுக்க வேண்டாமுங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அவங்க ஏற மாட்டாங்க. நடக்கறது ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்களே எல்லாருக்கும் சொல்லுவீங்கல்ல? அதாங்க. உடுங்க.

போலாமுங்களா? புடிச்சுக்கங்க.

ஊரு எப்படின்னு கேட்டீங்க. ஊஞ்சவலசு சின்ன ஊருதான், ஆனா ஒரு கொறையுமில்லாத ஊரு. பள்ளிக்கொடம் இருக்குது. பால் சொசைட்டி இருக்குது. மேல்நெலைத் தொட்டி கட்டி ஊட்டூட்டுக்குக் கொழாய் இழுத்திருக்குது. தபாலாபீஸு இருந்துச்சு, இப்பப் பக்கத்தூருக்கு மாத்திப் போட்டாங்க. இருந்துட்டுப் போகட்டும், இந்தக் காலத்துல கடுதாசி ஆருங்க போடறாங்க? ரேசன் கடை முந்தி அடிக்கடி தொறக்கும், இப்ப எப்பவாச்சும்தான். அந்தக் கடைக்காரரு கொஞ்சம் சோம்பேறி. பள்ளிக்கொடத்துலயும் புள்ளைங்க கொறஞ்சு போச்சு. நாலு ஊட்டுக்காரங்க டவுனுக்கே குடி போயிட்டாங்க. காசு சேந்துட்டா மனுசனுக்கு ஊரு புடிக்குமுங்களா? உங்களுக்கு முன்னால இருந்த நர்சம்மாவும் மாறுதல் வாங்கிட்டுப் போயிருச்சு. தங்கமான பொண்ணு. எங்கூர்த் தண்ணி அதுக்கு ஒத்துக்கல. அப்படின்னுதான் நான் நெனைக்கறேன்.

பஸ்ஸுங்களா? பஸ்ஸும் இருக்குதுங்க. ஊருக்குள்ள வர்றதில்ல, அவ்வளவுதான். பிரிவோட நின்னுக்குது.

மெதுவா ஓட்டறேனுங்களா? ரோடு அப்படிங்க. குழி. ஆமா, பாத்தா நல்லாத்தான் இருக்கும், ஓட்டறவனுக்குத்தான் தெரியும். சரி, உள்ளதச் சொல்லிப்போடறேன். அந்த அம்மாளத் தாண்டிப் போக எனக்கு மனசு வராதுங்க. அவங்க அந்த வேப்பமரத்துக்கிட்ட எடதுபக்கம் இட்டேரில எறங்கிருவாங்க. இட்டேரின்னா தெரியுமுங்களா உங்களுக்கு? ரெண்டு பக்கமும் முள்ளுவேலி, நடுவால ஒத்தையடித் தடம். அதுக்கப்பறம் வேகமாப் போலாம். அதுவரைக்கும் இப்படியே போலாம். உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையே?

அந்த பஸ்ஸு கதையச் சொல்றேன். எங்கூருக்கு பஸ்ஸு கொண்டாந்ததே எங்கப்பாருதானுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. சொந்தப் பெருமை பேசறான்னு நெனைக்காதீங்க, ஆரை வேணா கேட்டுப் பாருங்க. அப்பெல்லாம் இந்த ரோடு வண்டித் தடம். புள்ளத்தாச்சின்னா கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கிட்டு ஓடறதுதான். எங்கக்கா அஞ்சாவது முடிச்சுது. அதுக்கு மேல படிக்கணும்னா டவுனுக்குத்தான் போகோணும். பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் நடக்க உடுவாங்களா? "போதும், ஆடு மேய்க்கட்டும்"னு ஆத்தா சொல்லிருச்சு. எங்கப்பாரு ஒத்துக்கல. "எம்புள்ள படிக்கோணும், அதுக்கு பஸ்ஸு வரோணும்"னு ஒத்தக் கால்ல நின்னாரு. தோளுல துண்டப் போட்டுட்டு ஆபீஸ் ஆபீஸாப் போனாரு. போனா ஒரு ஆபீசரு, "ஏம்ப்பா, பஸ்ஸு உள்ள வந்தாத் திரும்பறதுக்கு எடம் வேணுமே, அது இருக்குதா உங்கூர்ல?"ன்னாராமா.

எங்கப்பாரு என்ன பண்ணினாரு தெரியுங்களா? ஊருக்கு நடுவுல எங்களுக்கு ஒரு பொகையிலைக் காடு இருந்துச்சு. நல்ல மண்ணு. அதுல ஒரு மூலைய அப்படியே எழுதிக் குடுத்துட்டாரு, பஸ்ஸு திரும்பறதுக்குன்னு. ஆத்தா மூணு நாளுப் பேசல அவருகிட்ட.

மொத பஸ்ஸு வந்தன்னைக்கு ஊரே நோம்பி மாதிரி. வாழை கட்டி, கொட்டு மொழக்கு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேட்டி துண்டு. நான் அப்ப டவுசர் போட்ட பையன், பஸ்ஸுக்குப் பொறத்தால ஓடி முட்டிய ஒடச்சுக்கிட்டேன். மொத டிக்கெட்டு எங்கக்காளுக்குத்தான் எடுத்தாரு அப்பாரு. அடுத்த நாளு அதுல ஏறித்தான் அக்கா பெரிய பள்ளிக்கொடம் போச்சு. அதுக்கப்பறம் எங்கூர்ல கடியாரமே வேண்டாமுங்க. காலைல பஸ்ஸு உறுமற சத்தம் கேட்டா அடுப்பு மூட்டுவாங்க, பொழுதோட பஸ்ஸு வந்தா வெளக்கு வைப்பாங்க. மத்தியானம் வர்ற டிரைவருக்கு எங்கூட்ல இருந்து ஒரு சொம்பு மோரு போகும்.

இந்தா பாருங்க, எறங்கிட்டாங்க இட்டேரில. திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தீங்களா?

அதுதானுங்க எங்கக்கா.

ஆமாங்க. மொத டிக்கெட்டு எடுத்த அக்காதான். தெய்வாத்தா. கூடப் பொறந்த ஒரே பொறப்பு. உள்ளூர்லயே கட்டிக் குடுத்தது, நாலு ஊடு தள்ளித்தான் இருக்குது. மக ஊட்டுக்குப் போயிட்டு வருது டவுனுக்கு. எம்மேல கொஞ்சம் மனத்தாங்கலு. குடும்பம்னா இருக்கறதுதானுங்களே.

இந்தா வந்துருச்சு நம்மூரு. வண்டிய இங்க சித்த நிறுத்தறேன். எறங்க வேண்டாம், ஒக்காந்துட்டே பாருங்க. எப்படி இருக்குது? வளைவுங்க. எங்கப்பாரு நெனவா நான் கட்டுனது. சுத்துப்பட்டுல இப்படி ஒரு வளைவு இல்ல. மேல நிக்கறாரு பாருங்க, எங்கப்பாருதான் அது. சிமெண்டுச் சிலை. கும்பிடற மாதிரி வைன்னுதான் சொன்னேன், அந்தக் கொத்தன் ஒரு கையத் தூக்கி வச்சுட்டான். "தாத்தா பஸ்ஸை நிறுத்தறாரு"ன்னு சின்னப் புள்ளைங்க கேலி பேசுதுக. திட்டுவேன். என்ன பண்றது, புள்ளைங்கதானே. படிங்க, எழுதியிருக்கறதப் படிங்க. "ஊருக்கு பஸ் கொண்டுவந்த நாச்சிமுத்து அவர்கள் நினைவு வளைவு. உபயம்: மகன் சென்னியப்பன்."

அக்கா பேருங்களா? இல்லீங்க. பொட்டப்புள்ள பேரு போடற வழக்கமில்லீங்களே. அதுவும் ஒண்ணும் கேக்கல. தெறப்பு விழாவுக்கு வந்து ஓரமா நின்னுட்டு, சாப்புடாமப் போயிருச்சு. தலைவலின்னு நெனச்சுட்டேன்.

அளவு பாக்காம ஒண்ணும் கட்டலைங்க. அதை மட்டும் என்னைய ஆரும் சொல்ல முடியாது. பஸ்ஸை இங்க நிறுத்தி, மூங்கில் வச்சு ஒசரம் அளந்து, அதுக்கு மேல நல்லாத் தாராளமா உட்டுத்தான் கட்டச் சொன்னேன். அப்பறம் சிலை வேணும்னு ஆசை வந்துச்சு. சிலை கனம் தாங்கோணும்னா பீமு பெருசா வரோணும்னான் கொத்தன். மேல பெருசாக்கினாச் சிலைய மறைக்கும், கீழால பெருசாக்கறேன்னான். சரின்னேன். அப்பவும் பஸ்ஸு போச்சுங்க! உரசாமப் போச்சு. கண்டக்டரு தலைய வெளிய நீட்டிப் பாத்து விசில் அடிப்பாரு, போயிரும். அப்பறம் இந்த ரோடு போட்டானே, அவனைத்தான் சொல்லோணும். பழைய ரோட்டை நோண்டிட்டுப் போடாம, அதுமேலயே ஜல்லியக் கொட்டித் தாரை ஊத்திப் போட்டான். ரோடு ஒசந்து போச்சு. வளைவு அங்கயேதான் நிக்குது, ரோடுதானே ஒசந்துச்சு? நாயம் சொல்லுங்க. ஒரு நா பஸ்ஸு மண்டை பீமுல இடிச்சு, தகரம் கிழிஞ்சு, உள்ள இருந்தவங்க அலறி, டெப்போவுல இருந்து ஆள் வந்து பாத்துட்டு, இனிமே பிரிவோட சரின்னுட்டாங்க.

நான் சும்மா இருந்தேனுங்களா? வளைவுக்கு நேரா மட்டும் ரோட்டை நோண்டினா பஸ்ஸு குனிஞ்சு போயிருமேன்னு ஆள் உட்டு நோண்டினேன். மழை பேஞ்சு அதுல தண்ணி நின்னு கொளமாயிருச்சு. எருமை எறங்கிப் படுத்துக்கிச்சு. ஊரே சிரிச்சுது. மூடறப்ப இன்னும் கொஞ்சம் மேடாப் போச்சு.

டெப்போவுக்கும் போனேன். அந்த மேனேஜரு நல்ல மனுசன், காப்பி வாங்கிக் குடுத்தாரு. "பெரியவரே, அந்த வளைவ எடுத்துருங்க, அடுத்த நாளே பஸ்ஸை உள்ள உடறேன்"னாரு. என்ன பேச்சுங்க அது? பஸ்ஸு கொண்டாந்தவரு பேரை எடுத்துட்டா பஸ்ஸு வருமாமா.

இல்லீங்க, நான் புடிவாதக்காரன் இல்ல. கோயில்ல ஊர்க்கூட்டம் போட்டப்ப எந்திரிச்சு நின்னு கேட்டேன். "ஊருக்கு எடஞ்சல்னா சொல்லுங்க, இப்பவே இடிச்சுப் போடறேன்"னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. எல்லாரும் தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எங்கப்பாரு மேல அவ்வளவு மரியாதை. ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தாக்கூட அன்னைக்கே இடிச்சிருப்பேன். இன்னைக்கும் அதேதான். ஒரே ஒருத்தர் சொல்லோணும்.

அக்காகிட்டயும் போனேனுங்க. வாசல்ல நின்னு, "அக்கா, அப்பாருக்கு நானும் புள்ள, நீயும் புள்ள. நீ சொல்லு, இடிச்சர்றேன்"னேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு இருந்துச்சு. நிமுந்துகூடப் பாக்கல. "கட்டறப்ப என்னைக் கேட்டயாடா? இடிக்கறதுக்கு மட்டும் நான் வேணுமா?"ன்னு கேட்டுச்சு.

மனத்தாங்கலு அதுனால இல்லீங்க. அது வேற. கோகிலாவால.

கோகிலான்னா அக்கா மக. ஒரே புள்ள. நல்லாப் படிக்கும். டவுன் காலேஜ்ல எடம் கெடச்சுது. அப்பத்தான் இந்த பஸ்ஸு நின்னு போச்சு. மச்சான், அக்கா ஊட்டுக்காரரு, பயந்தாரு. காலேஜ் முடிஞ்சு வர்ற பஸ்ஸு பொழுது சாயத்தான் பிரிவுக்கு வரும், பக்கத்துல பிராந்திக்கடை வேற இருக்குது. நான்தான் முன்ன நின்னு சொன்னேன், "நான் எதுக்கு இருக்கறேன்? தெனமும் வண்டியக் கொண்டுபோயி நின்னு கூட்டியாந்தர்றேன்"னு. கூட்டியாந்தேனுங்க. மழைன்னு பாக்கல, காய்ச்சல்னு பாக்கல. பின்னால உக்காந்துட்டு அன்னைக்கு நடத்துனதையெல்லாம் சொல்லிட்டே வரும். ஏதோ தவளையை அறுத்துப் பாத்தமுன்னு ஒரு நா சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்காது, உம் கொட்டிக்குவேன்.

ஒரு நா போகல. ஒரே நாளு. அன்னைக்கு அப்பாரோட நெனவு நாளுங்க. ஏணி வச்சு மேல ஏறிச் சிலைக்கு மாலை போட்டு, எல்லாருக்கும் பொங்கல் குடுத்து, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவரு பெருமையப் பேசினாங்க. நானும் பேசினேன். பஸ்ஸு வந்த கதையச் சொல்லிட்டு இருந்தேன், இப்ப உங்ககிட்டச் சொன்னேனே, அதையேதான். சொல்லி முடிச்சுத் திரும்பிப் பாக்கறேன், கோகிலா நடந்து வருது இந்த வளைவுக்குக் கீழால. செருப்பக் கையில புடிச்சிருக்குது. அழுது மொகம் வீங்கிப் போயிருக்குது.

ஒண்ணும் ஆகலைங்க. நீங்க வேற என்னமோ நெனச்சுக்காதீங்க. ஒண்ணுமே ஆகல. குடிகாரனுக ரெண்டு பேரு கொஞ்ச தூரம் பின்னாலயே வந்திருக்கறானுக, ஏதோ பேசியிருக்கறானுக, இது ஓடியாந்திருக்குது. அவ்வளவுதான். எல்லாருக்கும் முன்னால நான் கையில மைக்கப் புடிச்சுட்டு நிக்கறேன். அது என்னையப் பாத்துச்சு. "ஏன் மாமா வரல?"ன்னு கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. பொங்கல் வாங்கிக்கோ கண்ணுன்னு நான்தான் சொன்னேன். என்ன புத்தி பாருங்க. பொங்கல் வாங்கிக்கோங்கறேன்.

மறுநா மச்சான் காலேஜ நிறுத்திட்டாரு. அந்த வருசமே மாப்பளை பாத்தாச்சு. கல்யாணத்த முன்ன நின்னு நடத்தினது நான்தானுங்க. மாமன் சீர் என்ன, பந்தல் என்ன, ஊரே மூக்குல வெரல வச்சுது. அந்தப் புள்ளைக்கு ஒரு கொறை வைக்கல. மாப்பளை நல்லவரு. கையில கொழந்தை இருக்குது. நல்லாத்தான் இருக்குது. படிச்சிருந்தா உங்களாட்டம் ஆகியிருக்கும், இல்லீங்களா? இந்நேரம் அதுவும் எங்கயாச்சும் ஒரு ஊர்ல நீலப் பெட்டியத் தூக்கிட்டு எறங்கியிருக்கும்.

அன்னையில இருந்து அக்கா என் வண்டில ஏறறதில்ல. இந்த வளைவுக்குக் கீழயும் வர்றதில்ல. முள்ளுல சீலை கிழிஞ்சாலும் இட்டேரிதான். நான் அன்னையில இருந்து ஒரு பஸ்ஸுக்குக்கூடப் போகாம இருந்ததில்லீங்க. ஒரு பஸ்ஸு உடல. காலைல, மத்தியானம், பொழுதோட, எல்லாத்துக்கும் நிக்கறேன். அது பாக்கட்டும்னுதான். பாக்க மாட்டேங்குது.

எடமுங்களா? பஸ்ஸு திரும்பற எடம் அப்படியே இருக்குதுங்க. அதுல இப்ப மக்காச்சோளம் காயப் போடறோம். நல்ல வெயில் அடிக்கும் அங்க.

என்ன அம்மிணி சொன்னீங்க? காத்துல சரியாக் கேக்கல.

இடிச்சர்றதா.

ஓ. சொல்லிட்டீங்க. பரவால்ல, பரவால்ல, தப்பா ஒண்ணும் சொல்லல. வாரம் ஒருக்கா ஊசிப் பெட்டியத் தூக்கிட்டு நீங்க வரோணும், கர்ப்பிணிகளு போகோணும், எல்லாம் எனக்குத் தெரியுது. நாயந்தான். ஆனா நீங்க வெளியூரு பாருங்க. இன்னைக்கு வந்தவங்க. உங்க பேச்சக் கேட்டு எங்கப்பாரை எறக்கினேன்னு இருந்தா ஊர்க்காரங்க என்ன நெனைப்பாங்க? நம்மளை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு நெனைக்க மாட்டாங்களா? கேட்டப்பச் சொல்லல, அது வேற. நெனைப்பாங்கல்ல.

இல்ல, அப்படியும் சொல்ல முடியாதுங்க. நீங்களும் இனி இந்த ஊருதானே. சப் சென்டரு இந்த ஊரு, நீங்களும் இந்த ஊரு. ஒரே ஒருத்தர் சொல்லோணும்னு கேட்டேன். சொல்லியாச்சு. அப்பறமென்ன? சொன்ன வாக்கு வாக்குதான். நாளைக்குக் காலைல அந்தக் கொத்தனுக்கே ஆளனுப்பறேன். அவன் கட்டினதை அவனே இடிக்கட்டும். அப்பாரை மெதுவாக் கவுத்து எறக்கி, தோட்டத்துக் கெணத்து மேட்டுல வச்சுக்கறேன். அவருக்கும் அங்கதான் புடிக்கும்.

இந்தா, வளைவுக்கு அந்தப் பக்கம் அக்காளும் வந்துருச்சு இட்டேரிய உட்டு. நல்ல நேரத்துல வந்துச்சு. அக்கா! ஏ அக்கா, சித்த நில்லு! இந்த நர்சம்மா சொல்லிருச்சு, வளைவ இடிச்சுப் போடுன்னு. வாயத் தொறந்து சொல்லிருச்சு. நாளைக்கே இடிக்கறேன் அக்கா. எங்காத்தா சத்தியமா நாளைக்கே. பஸ்ஸு உள்ள வந்துரும். கேட்டுச்சா உனக்கு?

என்ன?

ஆருகிட்ட? போன ஆடிக்கு வந்த வாத்தியாரம்மாகிட்டயா? அவங்களும் சொன்னாங்கதான். அவங்ககிட்டயும் நாளைக்கேன்னுதான் சொன்னேனா? இருக்கும். சொல்லியிருப்பேன். அதுக்கு முந்தி இருந்த நர்சம்மாகிட்டயுமா? அக்கா, அவங்க முன்னால எதுக்கு இதெல்லாம். அது வேற சமாச்சாரம். அப்பக் கொத்தன் ஊர்ல இல்ல. கேட்டுப் பாரு, கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டான். அக்கா, நில்லு, நான் சொல்றதக் கேட்டுட்டுப் போ.

அம்மிணி, நீங்க எதுக்கு எறங்கறீங்க? இன்னும் கொஞ்ச தூரம் இருக்குதுங்க. வெயிலு வேற. சப் சென்டர் வாசல்லயே உட்டர்றேன். அக்காகூட நடந்து வர்றீங்களா. சரி. சரிங்க. நடங்க. பேசிட்டே போங்க, அதுக்கும் துணையாச்சு. அந்தப் பெட்டியையாச்சும் வச்சுட்டுப் போங்க, கனமா இருக்கும், நான் முன்னால கொண்டுபோயி சப் சென்டர் திண்ணைல வைக்கறேன். வேண்டாமுங்களா. சரி, எடுத்துக்கங்க. பாத்து, அங்க கல்லு இருக்குது.

அம்மிணி! இந்தாங்க அம்மிணி! நாளைக்கு எந்த பஸ்ஸுக்கு வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நான் வந்து நிக்கறேன்.